பாப் மோல்டின் புதிய ஆல்பத்தை முதல்முறை கேட்கப் போகிறவர்களுக்கு

2025 மார்ச் 7 அன்று பாப் மோல்டின் 'ஹியர் வி கோ கிரேஸி' வெளிவந்தது. அறுபத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் போட்ட அரை மணி நேர கிதார் ஆல்பம். அதற்கு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அவருடைய ரசிகர்கள் காட்டும் உற்சாகம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். "யார் இவர்? எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராக் இசை பழக்கமில்லாதவர்களும் இந்த வரிசையில் போகலாம். ஒரு ஹெட்போனும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில், ஆள் யார்

இதை நீட்ட வேண்டாம். பாப் மோல்ட் 1960-ல் நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் உள்ள மலோன் என்ற சிற்றூரில் பிறந்தவர். கல்லூரிக்காக மினசோட்டா போனார். அங்கே 1979-ல் டிரம்மர் கிராண்ட் ஹார்ட், பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான கிதார்) வாசிக்கும் கிரெக் நார்ட்டன் இருவருடன் சேர்ந்து ஹுஸ்கர் டு என்ற மூவர் குழுவைத் தொடங்கினார். 1988 தொடக்கத்தில் அது உடைந்தது. அப்புறம் தனி ஆல்பங்கள். 1992 முதல் சில வருடங்கள் சுகர் என்ற இன்னொரு மூவர் குழு. மறுபடி தனி ஆல்பங்கள்.

அவருடைய செல்வாக்கைப் புரிந்துகொள்ள ஒரு செய்தி போதும். 1986-ல் பாஸ்டனில் பிக்ஸீஸ் குழு பேஸ் வாசிக்க ஆள் தேடி விளம்பரம் கொடுத்தது. ஹுஸ்கர் டுவையும், மென்மையான நாட்டுப்புறப் பாடல்கள் பாடும் பீட்டர், பால் அண்ட் மேரியையும் ஒருசேரப் பிடித்த ஆள் வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். காதைக் கிழிக்கும் சத்தம், அதற்குள் ஒரு இனிய மெட்டு. பின்னாளில் நிர்வாணா என்ற ராக் குழு உலகம் முழுக்கக் கொண்டுபோன ஓசைக்கு வேர் பிடித்தது இங்கேதான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'த டெய்லி ஷோ' பார்த்திருந்தால் அவர் எழுதிய மெட்டு ஏற்கெனவே உங்கள் காதில் விழுந்திருக்கும். அந்த நிகழ்ச்சியின் முகப்பு இசை அவருடையதுதான்.

புதிய ஆல்பத்திலிருந்தே தொடங்குங்கள்

பெரும்பாலான ரசிகர்கள் புதியவர்களிடம் முதலில் 1984-ல் வந்த 'ஜென் ஆர்கேட்'டைத்தான் நீட்டுவார்கள். அது மகத்தான ஆல்பம், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு வினைல் இசைத்தட்டு, 23 டிராக், எழுபது நிமிடம். வெறும் 3,200 டாலர் செலவில், பெரும்பாலும் முதல் தடவை வாசித்ததையே அப்படியே பதிவு செய்தது. ஒலி மெலிந்தும் கரகரப்பாகவும் இருக்கும். பழகாத காது பத்தாவது நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிடும். இவர் நமக்கானவர் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது பெரிய நஷ்டம்.

'ஹியர் வி கோ கிரேஸி' அப்படி இல்லை. பதினோரு பாட்டு, முப்பது நிமிடத்தைச் சுற்றி முடிந்துவிடும். சிகாகோவில் உள்ள எலக்ட்ரிகல் ஆடியோவில் பதிவானது. மறைந்த ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி நிறுவிய ஸ்டுடியோ அது. ஒரு அறையில் மூன்று பேர் சேர்ந்து வாசிப்பதை உள்ளபடியே பிடிப்பதில் பேர் போன இடம். டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் தெளிவாக விழும். எளிமை, சுருக்கம், தெளிவு, இந்த மூன்றையும் நோக்கித்தான் இந்த முறை போனதாக மோல்டே சொல்லியிருக்கிறார். நாற்பத்தைந்து வருட வேலையை வடிகட்டி எடுத்த சாறு இது. வேறெந்த ஆல்பத்தையும்விட நல்ல வாசல்.

எப்படி உட்கார்ந்து கேட்பது

ஷஃபிளை அணைத்துவிடுங்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாற்றாமல் கேளுங்கள். மோல்ட் ஆல்பத்தின் பாட்டு வரிசையில் மெனக்கெடும் பழைய பாணிக்காரர். வினைலில் முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று யோசித்தே வளர்ந்தவர். இரண்டு பாட்டுக்கு இடையில் எவ்வளவு மௌனம் என்பதுகூட அவருக்கு முக்கியம்.

ஒலி அளவைச் சற்றே கூட்டி வையுங்கள். காது வலிக்கும் அளவுக்கு வேண்டாம். டிஸ்டார்ஷன் கிதாரை, அதாவது ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கிய கிதாரை, சன்னமாக வைத்துக் கேட்டால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். ஓரளவு உரக்க வைத்தால்தான் அந்த இரைச்சலுக்குள் இருக்கும் சுரங்கள் பிரிந்து வரும். போனின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். பேஸ் கிதார் மொத்தமும் காணாமல் போய்விடும்.

முதல் தடவை பாடல் வரிகளைத் தேடிப் படிக்க வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நம் சினிமாப் பாட்டில் பாடகரின் குரல் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். வாத்தியங்கள் அதற்கு வழிவிட்டு ஒதுங்கும். அந்தப் பழக்கத்தோடு வருகிறவருக்கு மோல்டின் பதிவுகளில் குரல் பின்னால் இருப்பதாகத் தோன்றும். அவர் வேண்டுமென்றேதான் குரலைக் கிதாருக்குள் உட்கார வைக்கிறார். முதல் சுற்றில் குரலையும் ஒரு வாத்தியமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம், மூன்றாம் சுற்றில் சொற்கள் தாமாக மேலே வரும்.

எதைக் கவனிப்பது

தலைப்புப் பாட்டுத்தான் முதல் பாட்டு. பெயரைப் பார்த்து வெறிவேகத்தை எதிர்பார்ப்பீர்கள். நடுத்தர வேகத்தில்தான் போகும். அதில் கிதார் நிற்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சாதாரணமாக ஒரு கிதார் கலைஞர் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போகும்போது சின்னதாக ஒரு இடைவெளி விழும். மோல்ட் அந்த இடைவெளியை அடைத்துவிடுவார். தடித்த கம்பிகளில் கார்டு மாறிக்கொண்டே இருக்கும். மெல்லிய இரண்டு கம்பிகளோ திறந்தபடியே தொடர்ந்து ஒலிக்கும். தம்புரா சுருதி மாறாமல் இருக்க, மேலே ராகம் நகர்வதைப் போல. நம் காதுக்கு இது அந்நியமே இல்லை. இதை ஒருமுறை பிடித்துவிட்டால் நாற்பத்தைந்து வருடப் பதிவுகளும் திறந்துகொள்ளும்.

அடுத்து 'நியாண்டர்தால்'. வேகமான, குறுகிய பாட்டு. ஹுஸ்கர் டுவின் நேர் வாரிசு. இதில் ஜான் வர்ஸ்டரின் டிரம்ஸை மட்டும் தனியாகப் பின்தொடருங்கள். வர்ஸ்டர் சூப்பர்சங்க் என்ற ராக் குழுவில் 2023 வரை நீண்டகாலம் டிரம்மராக இருந்தவர். எவ்வளவு வேகம் வந்தாலும் தள்ளாட மாட்டார்.

'ஹார்ட் டு கெட்', 'வென் யுவர் ஹார்ட் இஸ் புரோக்கன்' இரண்டும் மெட்டுக்காக. தலைப்பு துக்கமாக இருக்கும். பாட்டு துள்ளும். மனம் உடைந்ததைத் துள்ளலான மெட்டில் பாடுவதுதான் மோல்டின் கையெழுத்து. ஜேசன் நார்டூசி பேஸ் வாசித்தபடியே பின்குரலும் கொடுக்கிறார். பல்லவியில் இரண்டு குரலும் சேரும் இடத்துக்காகக் காத்திருங்கள்.

கடைசிப் பாட்டு 'யுவர் சைட்'. அமைதியாகத் தொடங்கி, போகப் போக முழு பலத்தோடு எழும்பும். உலகமே எரிந்து போனாலும் உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பத்துப் பாட்டில் பதற்றமும் குழப்பமும் பேசிவிட்டு இந்த இடத்துக்கு வருகிறார். பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டால் இந்த வருகை கிடைக்காது. அதற்காகத்தான் வரிசை மாற்ற வேண்டாம் என்றேன்.

ரசிகர்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்

இதற்கு முந்தைய ஆல்பம் 'ப்ளூ ஹார்ட்ஸ்' 2020 செப்டம்பரில் வந்தது. அந்தக் காலத்து அமெரிக்க அரசியல் மீது நேரடியான கோபம். மோல்ட் தன்பாலீர்ப்பாளர். 1980-களில் எய்ட்ஸ் பரவியபோது அரசு பாராமுகமாக இருந்ததைப் பார்த்தவர். அப்போது இளைஞனாகத் தான் போதிய அளவு குரல் கொடுக்கவில்லை என்ற உறுத்தல் அந்த ஆல்பத்தின் பின்னால் இருந்தது. ஆனால் கொரோனா காலத்தில் வந்ததால் அதை வழக்கம்போல் உடனே மேடைக்குக் கொண்டுபோக முடியவில்லை. அதற்குப் பிறகு நாலரை வருடம் புதிய ஆல்பம் இல்லை. 2012-லிருந்து இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒன்று என்று வாங்கிப் பழகியவர்களுக்கு அது நீண்ட காத்திருப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான காரணம். 2012-ல் வந்த 'சில்வர் ஏஜ்' முதல் இந்த ஆல்பம் வரை ஆறு ஆல்பங்களிலும் அதே மூன்று பேர்: மோல்ட், நார்டூசி, வர்ஸ்டர். ஹுஸ்கர் டு ஒன்பது வருடத்தில் முடிந்தது. சுகர் அதிலும் குறைவு. இந்த மூவர் கூட்டணிதான் மோல்டின் வாழ்க்கையிலேயே நீண்டது. இளமையில் கிடைத்த பெயரை வைத்துப் பழைய பாட்டை மட்டும் வாசித்துக் காலம் தள்ளும் கலைஞர்கள் நிறைய உண்டு. இவர் அறுபதுக்குப் பிறகும் புதிதாக எழுதுகிறார். முழு வேகத்தில் பாடுகிறார். அதுவும் நன்றாக இருக்கிறது. இருபது வயதில் அவரைக் கேட்ட ரசிகர்கள் இப்போது ஐம்பது, அறுபதில் இருக்கிறார்கள். தங்களோடு வயதாகிக்கொண்டே வரும் ஒருவர் இன்னும் சோர்ந்துபோகவில்லை என்பதைப் பார்க்கும் சந்தோஷம் அந்த ஆரவாரத்தில் இருக்கிறது.

பின்னோக்கிப் போகும் வழி

புதிய ஆல்பத்தை நான்கைந்து முறை கேட்ட பிறகு பழையவற்றுக்குப் போங்கள். கால வரிசை வேண்டாம். இந்த வரிசை நல்லது.

முதலில் சுகரின் 'காப்பர் ப்ளூ' (1992). இங்கிலாந்தின் என்எம்இ வார இதழ் அதை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. மோல்டின் எல்லா ஆல்பங்களிலும் எளிதில் ஒட்டிக்கொள்வது இதுதான். 'ஹூவர் டேம்' பாட்டில் கிதாருக்கு மேல் கீபோர்டு ஏறி நிற்கும். 'எ குட் ஐடியா'வில் பிக்ஸீஸின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். தன்னிடம் கற்றவர்களிடமிருந்து குரு திரும்பக் கற்றுக்கொண்ட பாட்டு அது.

அடுத்து 'வொர்க்புக்' (1989), முதல் தனி ஆல்பம். ஹுஸ்கர் டு உடைந்த பிறகு மினசோட்டாவின் கிராமப்புறத்தில் ஒரு பண்ணை வீட்டில் தனியாக இருந்து எழுதியது. முதல் பாட்டில் குரலே இல்லை, மின்சாரம் இல்லாத அக்கூஸ்டிக் கிதார் மட்டும்தான். பல பாட்டுகளில் செல்லோ வரும். சத்தத்துக்காகவே இவரைத் தேடி வந்தவர்களை அந்தக் காலத்தில் திகைக்க வைத்த ஆல்பம். சத்தம் பிடிக்காதவர்கள் இதையே முதலில் கேட்டாலும் தவறில்லை.

அதற்குப் பிறகு ஹுஸ்கர் டு. 1985-ல் மட்டும் 'நியூ டே ரைசிங்', 'ஃப்ளிப் யுவர் விக்' என்று இரண்டு ஆல்பம் போட்டார்கள். 'நியூ டே ரைசிங்'கில் 'செலிபிரேட்டட் சம்மர்' என்ற பாட்டைத் தனியாக எடுத்துக் கேளுங்கள். தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு நடுவில் சட்டென்று நின்றுவிடும். அக்கூஸ்டிக் கிதார் மட்டும் மெதுவாக வாசிக்கும். கடந்துபோன கோடை விடுமுறையை ஒருவன் நினைத்துப் பார்க்கிறான். அப்புறம் மறுபடி ஓட்டம். நான்கு நிமிடத்தில் இந்த மனிதர் யார் என்று யாருக்காவது காட்ட வேண்டுமானால் நான் இதைத்தான் போடுவேன். ஒலிப்பதிவு மெலிந்திருக்கும், பேஸ் குறைவாகக் கேட்கும். உங்கள் ஹெட்போனில் கோளாறு இல்லை. பேஸைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் குழுவில் கிராண்ட் ஹார்ட்டும் சரிபாதி பாட்டாசிரியர் என்பதை மறக்க வேண்டாம். மிக அழகான சில மெட்டுகள் அவருடையவை. அவர் 2017-ல் காலமானார். மோல்டா, ஹார்ட்டா என்ற சண்டையில் புதியவர்கள் இறங்கத் தேவையில்லை.

இதற்குப் பிறகுதான் 'ஜென் ஆர்கேட்'. இப்போது உங்கள் காது தயாராகியிருக்கும். வீட்டை விட்டு வெளியேறும் ஒரு பையனின் கதை அது. கடைசி டிராக் பதினான்கு நிமிட வாத்திய இசை. இடையில் கழற்றாமல் ஒரே மூச்சில் கேளுங்கள்.

தனி ஆல்பங்களில் 'பியூட்டி அண்ட் ரூயின்' (2014) தந்தையின் மரணத்துக்குப் பிறகு எழுதியது. பெற்றோரை இழந்தவர்கள் மனது தயாரான நாளில் கேட்கலாம். பெர்லினில் வாழ்ந்தபோது செய்த 'சன்ஷைன் ராக்' (2019) கொஞ்சம் வெளிச்சமானது. வயலின் கூட்டமும் உண்டு. எலக்ட்ரானிக் இசையில் இறங்கிய 'மாடுலேட்'டை (2002) கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹுஸ்கர் டுவின் முதல் ஆல்பமான 'லேண்ட் ஸ்பீடு ரெக்கார்டு'ம் அப்படித்தான். 26 நிமிடத்தில் 17 பாட்டு, மேடையில் பதிவு செய்தது. வரலாறாக மதிக்கலாம். முதல் மாதத்தில் தேவையில்லை.

வாசித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு

வீட்டில் கிதார் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் நூறு கட்டுரை சொல்லாததைச் சொல்லும். தடித்த கம்பியான ஆறாவதில் ஏழாம் ஃபிரெட்டை ஆள்காட்டி விரலால் அழுத்துங்கள். ஐந்தாவது, நான்காவது கம்பிகளில் ஒன்பதாம் ஃபிரெட்டை மற்ற இரண்டு விரல்களால் பிடியுங்கள். மூன்றாவது கம்பியை விரலால் லேசாகத் தொட்டு அடக்கிவிடுங்கள். மெல்லிய இரண்டு கம்பிகளும் திறந்தே இருக்கட்டும். இப்போது ஆறு கம்பியையும் சேர்த்துக் கீழ்நோக்கி மட்டும் மீட்டுங்கள், நிறுத்தாமல். அதே விரலமைப்பை மாற்றாமல் இரண்டு ஃபிரெட் இறக்கி ஆள்காட்டி விரலை ஐந்தாம் ஃபிரெட்டில் வையுங்கள். அப்புறம் மூன்றாம் ஃபிரெட். கீழே கார்டு மாறுகிறது, மேலே இரண்டு சுரமும் அசையாமல் நிற்கின்றன. மேலே சொன்ன சுருதி இதுதான்.

எலக்ட்ரிக் கிதார் உள்ளவர்கள் ஒரு டிஸ்டார்ஷன் பெடலைச் சேர்த்துக்கொள்ளலாம். மோல்டின் பெயரோடு சேர்ந்தே வருவது எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் மஞ்சள் நிற டிஸ்டார்ஷன் பிளஸ். அதில் மொத்தமே இரண்டு திருகுதான். ஹுஸ்கர் டு காலத்தில் அவர் தோளில் தொங்கியது அம்புமுனை வடிவத்தில் உள்ள ஐபனெஸ் ஃப்ளையிங் வி. பல வருடங்களாக இப்போது வெளிர்நீல ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். விலை உயர்ந்த கிதாரைத் தேடி ஓட வேண்டாம். அந்த ஓசையில் பெரும்பங்கு வலது மணிக்கட்டின் வேலை.

கச்சேரிக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால்

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருப்பவர்கள் தவறவிடக் கூடாது. மூவர் குழுவாகவும் வருவார். எலக்ட்ரிக் கிதாரோடு தனியாளாகவும் வருவார். இரண்டும் இரண்டு விதம், தனியாள் நிகழ்ச்சியில் பாட்டின் எலும்புக்கூடு தெரியும். அதிகம் பேச மாட்டார். ஒரு பாட்டு முடிந்து கை தட்டுவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும்.

இயர்பிளக் கட்டாயம். வெட்கப்படாதீர்கள், சுற்றிலும் பாதிப் பேர் போட்டிருப்பார்கள். மோல்டுக்கே பல வருடங்களாகக் காதிரைச்சல் உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு பிளக் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் மந்தமாக்கியும் விடும். இசை நிகழ்ச்சிக்கென்றே விற்கும் சிலிக்கான் பிளக் வாங்கினால் மெட்டு கெடாது. மேடைக்கு நேர் முன்னால் நிற்பதைவிட, ஒலிக் கலவை செய்பவரின் மேசைக்குப் பக்கத்தில் நின்றால் குரல் நன்றாகப் பிரிந்து கேட்கும்.

வாங்குவது பற்றி

ஸ்ட்ரீமிங்கில் பழகிய பிறகு, பிடித்திருந்தால் ஒரு ஆல்பமாவது காசு கொடுத்து வாங்குங்கள். 2012 முதல் 2020 வரையிலான ஐந்து ஆல்பங்களும் மெர்ஜ் வெளியீடு. வட கரோலினாவில் இசைக்கலைஞர்களே தொடங்கி நடத்தும் சின்ன நிறுவனம் அது. இந்தியாவுக்கு வினைல் வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து தட்டின் விலையையே தாண்டிவிடலாம். அதனால் டிஜிட்டலாக வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வையுங்கள்.

தள்ளிப்போடாமல் தொடங்க இன்னொரு காரணமும் வந்திருக்கிறது. 2025 அக்டோபரில் சுகர் மீண்டும் சேர்ந்திருப்பதாக அறிவித்து, புதிய பாட்டு ஒன்றையும் வெளியிட்டது. அந்தக் குழுவின் மற்ற இருவரான டேவிட் பார்ப், மால்கம் டிராவிஸ் மோல்டோடு திரும்ப வந்திருக்கிறார்கள். எனவே 'காப்பர் ப்ளூ'வையும், அதே காலத்தில் பதிவாகி 1993-ல் வந்த 'பீஸ்டர்' என்ற இருண்ட சிறு ஆல்பத்தையும் இந்த மாதமே கேட்டு முடித்துவிடுங்கள்.